ஊரிகத்திலிருந்து லிஸ்பன்: டிக்கெட் விலை மட்டும் விலை அல்ல

விடியற்காலையில் ஊரிகம் ரயில் நிலையத்தில் பெங்களூரு வண்டிக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைத் தங்கவயலில் அறியாதவர் இல்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் ஊரில் பாதி அடுப்புகளை எரிய வைப்பது இந்த ரயில்தான். சட்டைப் பையில் சீசன் டிக்கெட், கையில் சோற்றுப் பாத்திரம், கண்ணில் தூக்கம். இதுதான் நம் பிள்ளைகளின் காலை.

சென்ற மாதம் அந்த நடைமேடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். பெங்களூருவில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். ஐரோப்பாவுக்குப் போய்வர ஒரு தொகை பெரிய எழுத்தில் இருந்தது. "இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்" என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"அய்யா, அம்மாவுக்கு பாத்திமா மாதா கோயிலப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. முழங்கால் வலி வேற. இன்னும் ரெண்டு வருஷம் போனா நடக்க முடியாது. மாசத் தவணையில போயிட்டு வந்துடலாம்னு பாக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வியும் அல்ல அது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஆசை தவறல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லைன் வீட்டில் பிறந்தவனுக்கு ஐரோப்பா எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. அதன் பின்னே இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சுரங்க வேலை தெரிந்தவர்கள் கடல் கடந்து வந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் நடந்தும் வண்டியேறியும் வந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரு முறை உலகம் பார்க்கவும் உரிமை உண்டு.

போர்ச்சுகல் நாடு நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. நம் வீட்டுச் சாவியும் ஜன்னலும் மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொற்களே. தமிழ் மொழி முதன்முதலாக அச்சேறியது 1554-ல் லிஸ்பன் நகரில்தான். அன்று எழுத்து மட்டும் ரோமன் எழுத்து. ஓரியூரில் 1693-ல் தலை கொடுத்த அருளானந்தர் 1647-ல் பிறந்ததும் அதே லிஸ்பனில். பாத்திமாவில் 1917-ஆம் ஆண்டு மாதா மூன்று சிறுவர்களுக்குக் காட்சி தந்ததாக நம்பும் கத்தோலிக்க மக்கள் தங்கவயலில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற நாடுகளோடு ஒப்பிட்டால் செலவிலும் அது நடுத்தரமான நாடு.

ஆகவே, போகலாமா கூடாதா என்பது என் கேள்வி அல்ல. யாருடைய பணத்தில் போவது, எந்தக் கணக்கில் போவது என்பதே கேள்வி.

நான் பட்ட பாடு

இதைச் சொல்லும் தகுதி எனக்கு நஷ்டப்பட்டு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் இதே பயணத்துக்குக் கிளம்பினோம். ஒரு பயண முகவர் சொன்னார்: "விசா கண்டிப்பா வந்துடும் சார். டிக்கெட் விலை நாளைக்கு ஏறிடும். இன்னிக்கே போட்டுடுங்க." சுரங்கத்தில் இருபது ஆண்டு கணக்கெழுதிய நான், அந்த ஒரு நாளில் கணக்கை மறந்தேன். பணம் திருப்பித் தரப்படாத டிக்கெட் என்பதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். என் விசா வந்தது. மனைவியின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவளை விட்டு நான் எங்கே போவது? இரண்டு டிக்கெட்டும் போயின. இரண்டு விசாக் கட்டணமும் போயின. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடகு வைத்த வளையலை மீட்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

பிறகு மூன்று ஆண்டு சேர்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் வரி வரியாக எழுதி, 2024 அக்டோபர் கடைசியில் போய் வந்தோம். அந்த நோட்டைத்தான் இன்றைய விலைக்கு ஏற்றித் திருத்தி இங்கே தருகிறேன்.

கிளம்பும் முன் ஆகும் செலவு

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் விமானச் செலவும் அறை வாடகையும் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் ஆகும் செலவை நாம்தான் எழுத வேண்டும்.

பாஸ்போர்ட் சாதாரண முறையில் எடுத்தால் பெரியவர் ஒருவருக்கு 1,500 ரூபாய். அவசரமாகத் தத்கல் முறையில் கேட்டால் இன்னும் 2,000 கூடும். இரண்டு மாதம் முன்னதாக நினைத்துக்கொண்டால் இந்த 2,000 மிச்சம்.

போர்ச்சுகல் ஷெங்கன் கூட்டில் உள்ள 29 நாடுகளில் ஒன்று. அதன் விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ; ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோ; ஆறு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். வேலைக்குப் போனால்தான் கூலி என்பவருக்கு அந்த ஒரு நாள் கூலியும் செலவுதான்.

குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது கட்டாயம். வயது ஏற ஏற இதன் விலையும் ஏறும்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் பதினைந்து நாளில் முடிவு தெரியும். சில வேளை நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கும். பயண முன்பதிவைக் காட்டினால் போதும். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மற்றதை மறந்தாலும் நான் எழுதியதற்குப் பயன் உண்டு.

முகவரிடம் மொத்தச் சுற்றுலாவாக வாங்கினால், வருமான வரிக்காக ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். அதன் விகிதம் மத்திய பட்ஜெட்டுகளில் மாறி வருவதால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிக்கட்டலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதுவரை பணம் முடங்கும். கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு அது போனது போனதுதான்.

அங்கே ஒரு நாள் செலவு

யூரோ அண்மையில் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. செய்தித்தாளில் போடும் விலைக்கு நமக்கு யூரோ கிடைக்காது. வங்கி தன் பங்கைச் சேர்த்துத்தான் விற்கும். ஆகவே ஒரு யூரோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் கொஞ்சம் கூடுதலாக எழுதிக்கொண்டவன் வெளியூரில் திண்டாட மாட்டான்.

இரண்டு பேர், லிஸ்பனில் ஏழு இரவு, ஒரே அறை. பாத்திமாவுக்கு ஒரு நாள் போய்வருவது. விசாக் கட்டணமும் வரியும் அரசு விதித்தவை. மற்றவை என் மதிப்பு. உங்கள் பழக்கத்துக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

சிறு விடுதி அறை, இரவுக்கு 75 யூரோ வீதம் – 525
லிஸ்பன் நகரின் சுற்றுலா வரி, ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ வீதம் – 56
சாப்பாடு, ஆளுக்கு நாளுக்கு 20 யூரோ வீதம் – 280
டிராம், பஸ், மெட்ரோ, ஆளுக்கு நாளுக்கு 7 யூரோ வீதம் – 98
பாத்திமா பஸ், இருவருக்கும் போகவர – 50
நுழைவுக் கட்டணம், சில்லறை – 60
ஆக மொத்தம் 1,069 யூரோ. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,176. ரூபாயில் 1,29,360.

இனி இங்கே ஆகும் செலவு: விமானம் ஆளுக்கு 65,000 என்று வைத்து 1,30,000, விசா இருவருக்கும் 19,800, சேவைக் கட்டணம் 4,000, காப்பீடு 3,000, பாஸ்போர்ட் 3,000, ஊரிகத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போகவர 5,000. இது 1,64,800.

இரண்டையும் கூட்டினால் 2,94,160. கையில் மூன்று லட்சம் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் சொச்சம் ஜெபமாலைக்கும் பக்கத்து வீட்டாருக்கு மிட்டாய்க்கும் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கு அங்குள்ள அதிகாரிக்கும் ஒத்துவருமா என்று கேட்கலாம். வருகிறவரிடம் ஒரு நுழைவுக்கு 75 யூரோவும், தங்கும் நாளுக்கு 40 யூரோ வீதமும் இருக்க வேண்டும் என்பது போர்ச்சுகல் வகுத்துள்ள அளவு. எட்டு நாளுக்கு அது 395 யூரோ. நம் கணக்கில் ஆளுக்கு 588 இருக்கிறது. கவலையில்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முதல் நாள் யாரிடமாவது வாங்கி வங்கியில் போட்டுக் காட்டும் வேலை வேண்டாம். சில மாதக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

சிக்கனத்துக்குச் சில வழிகள்

ஜூலை, ஆகஸ்டில் அங்கே கோடை விடுமுறை. விலை ஏறி நிற்கும். பாத்திமாவில் மே 13-ம் அக்டோபர் 13-ம் பெருவிழா. அறை கிடைப்பதே அரிது. அந்த நாட்களைத் தள்ளி ஏப்ரலிலோ அக்டோபர் கடைசியிலோ போகிறவனுக்குக் கூட்டமும் குறைவு, செலவும் குறைவு. பாத்திமா ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

உணவு விடுதியில் உட்கார்ந்ததும் ரொட்டியும் ஆலிவ் காயும் கொண்டுவந்து வைப்பார்கள். நம்மூர்க் கல்யாணப் பந்தி போல இனாம் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மதியத்தில் 'பிராட்டோ டோ டியா' என்று கேளுங்கள். அன்றைய சாப்பாடு என்று பொருள். அளவும் நிறைவு, விலையும் குறைவு. குழாய்த் தண்ணீரை அங்கே தாராளமாகக் குடிக்கலாம். தண்ணீர் பாட்டில் வாங்கும் காசு மிச்சம்.

வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கொண்டு போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி சேர்த்த எதையும் ஐரோப்பிய நாடுகளுக்குள் கொண்டு போக அனுமதி இல்லை. பெட்டியைத் திறந்து எடுத்து எறிவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

பணம் எடுக்கும் இயந்திரமும் கடைக்காரரும், "ரூபாயில் கணக்குப் போடட்டுமா, யூரோவிலா?" என்று கேட்பது உண்டு. ரூபாய் என்றதும் நமக்குப் பாசம் வரும். அங்கேதான் இழப்பு. அவர்கள் போடும் மாற்று விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமாக இருக்கும். எப்போதும் யூரோ என்றே சொல்லுங்கள். நம் வங்கி அட்டைக்கும் வெளிநாட்டுச் செலவில் மூன்று, மூன்றரை சதவீதம் பிடிப்பது பல வங்கிகளில் வழக்கம். போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே விசாவில் 29 நாடு என்றதும், பத்து நாளில் ஏழு நாடு பார்க்கும் பேராசை பிறக்கும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் வண்டிச் சத்தம், மூட்டை தூக்கும் சிரமம், அரை நாள் நஷ்டம். முழங்கால் வலியுள்ள தாயை அழைத்துப் போகிறவன் ஒரு நாடு, ஓர் ஊர், ஓர் அறை என்று வைத்துக்கொள்வதே புத்தி. லிஸ்பன் மேடு பள்ளமான நகரம். அறை மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

தவணையா, சேமிப்பா?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மூன்று லட்சத்தை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 24 மாதத் தவணைக்கு வாங்கினால், மாதம் ஏறத்தாழ 14,400 கட்ட வேண்டும். மொத்தத்தில் 45,000 ரூபாய்க்கு மேல் வட்டி. அதே 24 மாதம், மாதம் 12,500 வீதம் தொடர் வைப்பில் போட்டு வந்தால், ஆறரை சதவீத வட்டியில் ஏறத்தாழ 20,000 ரூபாய் நமக்கு வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 65,000 ரூபாய். மேலே பாருங்கள், அது ஒருவருடைய விமான டிக்கெட்! கடனில் போகிற இருவர் உண்மையில் மூன்று பேருக்கு டிக்கெட் வாங்குகிறார்கள். மூன்றாவது டிக்கெட்டில் போகிறவர் கடன் கொடுத்தவர்.

மாதம் 12,500 எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் கடுமையானது. மாதம் 12,500 மிச்சம் பிடிக்க முடியாதவனால் மாதம் 14,400 தவணையும் கட்ட முடியாது. சேமிப்பில் ஒரு மாதம் தவறினால் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போகும். தவணையில் ஒரு மாதம் தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்பான். இரண்டு ஆண்டில் முடியாவிட்டால், மாதம் 8,300 வீதம் மூன்று ஆண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் தாய்க்காக ஆளுக்கொரு பங்கு போட்டால் சுமை இன்னும் இறங்கும்.

தாயின் முழங்கால் காத்திருக்குமா என்பதுதான் இதில் வலிக்கிற இடம். அதை நான் மறக்கவில்லை. அப்படி அவசரமானால் இருவர் போவதை விட்டு, கோயில் குழுவோடு தாயை மட்டும் அனுப்பலாமா என்று பாருங்கள். அதற்கும் வழியில்லையென்றால், அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இந்த ஆண்டே அழைத்துப் போங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. தன் பெயரால் மகன் கடன்பட்டான் என்று அறிந்தால் எந்தத் தாயின் ஜெபமும் நிம்மதியாக இராது.

நாம் மறக்கக் கூடாதது

சுரங்கம் மூடியபோது பல வீடுகளுக்கு மொத்தமாக ஒரு தொகை வந்தது. நம் தெருக்களில் அதற்குப் பின் நடந்ததைப் பார்த்தவன் நான். கணக்கு எழுதி வைத்த வீட்டில் ஒரு பிள்ளையாவது படித்தது; ஒரு கூரையாவது மாறியது. கணக்கில்லாத வீட்டில் அந்தப் பணம் வந்த சுவடே இல்லை. மொத்தமாக வரும் பணம் மொத்தமாகவே போகும். கடனும் மொத்தமாக வரும் பணம்தான். நம்முடையதல்ல என்பது மட்டும் வேறுபாடு.

பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கும் வீட்டில், ஒழுகும் கூரை மாற்றாத வீட்டில், நகை அடகில் இருக்கும் வீட்டில் ஐரோப்பாப் பேச்சு எழக் கூடாது. இவையெல்லாம் தீர்ந்து, சேமித்த பணம் கையில் இருக்கும் வீட்டில் யாரும் தடுக்கவும் கூடாது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கு மட்டுமல்ல, பயணத்துக்கும் பொருந்தும்.

தம்பி, இன்று மாலை வண்டியில் திரும்பும்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுது. இரண்டாம் பக்கத்தில் மூன்று லட்சம் என்று எழுது. மூன்றாம் பக்கத்தில் இந்த மாதம் போட்ட தொகையை எழுது. சிறு தொகையானாலும் எழுது. அந்த நோட்டு நிரம்புவதற்குள் உன் அம்மா பாத்திமாவில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வீடு திரும்பும்போது யாருக்கும் பாக்கி இராது.